பிரிக்கத் தெரிந்தவர் தைக்கட்டும்

அலமாரி, சாவி, ரேந்தை ஆகிய மூன்று சொற்களும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. அவர்களுடைய ‘ரெண்டா’ நம் வாயில் ரேந்தை ஆயிற்று. பல ஊர்களில் லேஸ் என்ற ஆங்கிலச் சொல் பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கையால் பின்னிய பழைய ரேந்தை இன்று இருக்கும் நிலையைச் சொல்லவும் இந்த மூன்று சொற்களே போதும். அது அலமாரிக்குள், சாவி போட்டுப் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. ஞானஸ்நான உடையின் விளிம்பு, புதுநன்மைச் சட்டையின் கழுத்துப்பட்டி, திருமண முக்காட்டின் ஓரம், விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த தலையணை உறை என்று பல வீடுகளில் அது மடிப்புக் கலையாமல் பழுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், பழைய பொருளுக்குப் புது மவுசு வந்திருப்பதால், கைக்குக் கிடைத்த ரேந்தையைத் துண்டு துண்டாக வெட்டிக் கைப்பையிலும் ரவிக்கையிலும் பசை போட்டு ஒட்டுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். பூட்டிவைக்கிறவருக்கு அது புனிதப் பொருள். வெட்டி ஒட்டுகிறவருக்கு அது வெறும் அலங்காரம். இரண்டு பார்வையும் ரேந்தையைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன என்பதே என் வாதம். பழைய ரேந்தையைக் காக்க நல்ல வழி அதைத் தைத்து உடுத்துவதுதான். ஆனால் நாளை இன்னொருவர் சேதமில்லாமல் பிரித்தெடுக்கும்படி தைக்க வேண்டும்.

ரேந்தையின் வரலாறே பிரித்துத் தைத்த வரலாறு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஃபிளாண்டர்ஸிலும் இந்தக் கலை வளர்ந்தபோது, ரேந்தை ஆடையின் பகுதியாகவே கருதப்படவில்லை. ஆடைமேல் தற்காலிகமாகக் குடியேறிய தனிச் சொத்தாகவே இருந்தது. கழுத்துப்பட்டியும் மணிக்கட்டு விளிம்பும் தனியாகக் கழற்றப்பட்டு, தனியாக வெளுக்கப்பட்டு, மறுபடி தைக்கப்பட்டன. பட்டுக்கும் சரிகைக்கும் தண்ணீர் ஆகாது, பருத்தி, லினன் நூல் ரேந்தைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆடையைவிட ரேந்தை விலை கூடியது என்பது அதைவிடப் பெரிய காரணம். பிரான்சின் அலென்சோன் ஊசி ரேந்தையை 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் வேலை என்று குறிப்பிட்டது. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் நீளம் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 700 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏறத்தாழ மூன்று மாதம். எல்லா ரேந்தையும் இவ்வளவு நேரம் கேட்பதில்லை. எளிய பின்னல்கள் பல மடங்கு வேகமாக வளரும். ஆனாலும், இத்தனை உழைப்பை ஒரே ஆடையோடு கட்டிப்போட்டு, ஆடை நைந்ததும் சேர்த்து எறிந்துவிட அன்று யாருக்கும் மனம் வந்திருக்காது.

செல்வத்துக்குக் குறைவில்லாதவர்களே இதைக் கடைப்பிடித்தார்கள். இங்கிலாந்தின் விக்டோரியா அரசி 1840இல் தன் திருமணத்துக்கு அணிந்த ஹானிட்டன் ரேந்தை டெவன் பகுதியின் பீர் என்ற சிற்றூரில் பின்னப்பட்டது. 57 ஆண்டுகள் கழித்து, 1897இல் வைர விழாவுக்காக வெளியிடப்பட்ட அதிகாரப்பூர்வப் படத்திலும் அதே திருமண ரேந்தை அவர்மேல் இருக்கிறது. இடையில் உடல் பருத்தது, கணவர் இறந்தார், வெள்ளை உடை கறுப்பானது. ரேந்தை மட்டும் ஆடை விட்டு ஆடை மாறிக்கொண்டே வந்தது. அவருடைய முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக 1841இல் தைத்த ரேந்தை அங்கி 2004 வரை அந்தக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு அணிவிக்கப்பட்டது. அதற்குமேல் தாங்காது என்று தெரிந்தபோது அதே மாதிரியில் புதிய அங்கி தைத்து 2008 முதல் பயன்படுத்துகிறார்கள். பயன்பாடு ஒரு பொருளை அழித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்த 160 ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். குழந்தை பிறக்கும்போதெல்லாம் வெளியே எடுக்கப்பட்டதால்தான் அதன் நிலையை யாரோ ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அதனால்தான் தெரிந்தது.

இது வெள்ளைக்காரர் வீட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்க முடியாது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, 1820களில் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களுடைய மகள் எலிசாவை மணந்தவர்தான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல். கணவர் வேர்ச்சொற்களைப் பிரித்து ஆராய்ந்த இடையன்குடியில், மனைவி பெண்களுக்கு நூலைப் பின்னக் கற்றுத்தந்தார். பெல்ஜியத்திலிருந்து 1897இல் முளகுமூட்டுக்கு வந்த அருட்சகோதரி லூயிஸ் தெ மீஸ்டர் தொடங்கிய துறவுப் பணியிலும் ரேந்தைக்கு இடம் இருந்தது. இலங்கையின் தென்கரையில், காலி, வெலிகம பகுதிகளில், போர்ச்சுகீசியர் காலத்தோடு தொடர்புடைய ‘பீரளு’ பின்னல் இன்றும் உயிரோடிருக்கிறது. எனவே நம் பக்கத்து அலமாரிகளில் கிடக்கும் பழைய வெள்ளை விளிம்புகளில் சில, கப்பலில் வந்தவை அல்ல. இங்கேயே, மடியில் ஒரு திண்டை வைத்து, அதன்மேல் துளையிட்ட படத்தாளைப் பொருத்தி, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை வலமும் இடமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னப்பட்டவை. அதைப் பின்னியவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அந்தத் துண்டைத் தவிர அவருக்கு வேறு கையெழுத்தும் இல்லை.

பூட்டிவைத்தால் அந்தக் கையெழுத்து பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நடைமுறை அப்படி இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து மடித்துவைப்பது நம் வீடுகளில் மரியாதையான பழக்கம். வெள்ளிப்பூச்சிக்கு அந்தக் கஞ்சிதான் விருந்து. பாச்சை உருண்டை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் கம்பளிக்கும் பட்டுக்கும் வரும் அந்துப்பூச்சியைத்தான் விரட்டுகிறார்கள். பருத்தி ரேந்தைக்கு அந்துப்பூச்சி எதிரியே அல்ல. ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடக்கும் துணியில், மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் நூல் அறும். கூடவே குத்திவைத்த குண்டூசி துருவேறி, பழுப்பு வட்டமாகி, பிறகு ஓட்டையாகும். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும். கடற்கரையோர ஊர்களில் அது பூஞ்சையாக மலரும். இவற்றில் எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றையும் தடுத்துவிடலாம். ஆனால் பயனில்லாத பொருளை ஆண்டுக்கு ஒருமுறை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? உடுத்தும் துணிக்குத்தான் கவனிப்பு கிடைக்கும்.

பயன்படுத்துவதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும், ஏனென்றால் பழையது எல்லாம் கைப்பின்னல் அல்ல. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோவில் அவருடைய ஆலைக்குள் புகுந்தவர்கள் 50க்கும் மேற்பட்ட இயந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். உடைத்தும் பயனில்லை. 1813இல் ஜான் லீவர்ஸ் உருவாக்கிய இயந்திரம் பின்னர் பூவேலையையும் பின்னத் தொடங்கியது. ஆகவே நூறு வயதான இயந்திர ரேந்தையும் உண்டு, சென்ற ஆண்டு பின்னிய கை ரேந்தையும் உண்டு. நகைக்கடை லென்ஸ் ஒன்றை வைத்து ஒரு பூவிதழை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். திண்டில் பின்னியதில், நெய்த துணிபோல நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். ஒரு நூலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு இதழுக்குள் நுழைந்து, காம்பு வழியாக வெளியேறி, அடுத்த பூ வரை போகலாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு பூக்கள் ஒன்றுபோலவே இருக்காது. ஒன்றில் முடிச்சு சற்று இறுகியிருக்கும். குரோஷா என்றால் கொக்கி ஊசியால் கோத்த கண்ணிகள் சங்கிலியாகத் தெரியும். கரையும் துணிமேல் எம்பிராய்டரி போட்டு, பிறகு துணியைக் கரைத்துவிடும் இயந்திர ரேந்தையில் நூலுக்குப் போக்கே கிடையாது. மேலும் கீழும் குத்திய தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து, விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். உதிரி நூல் ஒன்றை எரித்தால் பருத்தி காகித மணத்தோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

அடையாளம் தெரிந்த பிறகு, தைக்கும் முறை. நைந்த உடையிலிருந்து ரேந்தையை எடுக்கும்போது, ரேந்தையை இழுக்கக் கூடாது. தையலைக் கண்டுபிடித்து, இரண்டு மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை நறுக்கி, துணியின் பக்கமிருந்து உருவ வேண்டும். எடுத்ததை வெள்ளைப் பருத்தித் துணிமேல் தளர்வாக ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தி, துணியோடு சேர்த்தே மென்தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நனைந்த ரேந்தையைத் தனியாகத் தூக்கினால் தன் எடையிலேயே அது கிழியும். பிளீச்சிங் கூடாது, மஞ்சள் போகும், கூடவே நூலின் உயிரும் போகும். பிழியாமல், தட்டையாகப் பரப்பி, ஒவ்வொரு நுனியையும் விரலால் நீவிவிட்டுக் காயவைக்க வேண்டும். சுருக்கு வேண்டுமென்றால் பல ரேந்தைகளின் மேலோரத்தில் அதற்கென்றே ஓடும் நூல் இருக்கும். அதை மெல்ல இழுத்தால் போதும். மூலை வந்தால் வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும், மிச்ச நீளத்தை உள்ளே மடக்கி வைக்க வேண்டும். கடைசியாக, தைக்கும் நூல். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாலியெஸ்டர் நூல் அறாது என்று நம்பித் தைக்கிறார்கள். அது அறாததுதான் ஆபத்து. ஏதாவது சிக்கி இழுக்கும்போது, வலிமையான தையல் நூல் வயதான ரேந்தையைக் கத்திபோல அறுத்துவிடும். ரேந்தையைவிட மெல்லிய பருத்தி நூலால் கையால் ஓரத்தைச் சுற்றித் தைத்தால், இழுபடும்போது தையல் அறும், ரேந்தை தப்பும். அறுந்த தையலைப் பத்து நிமிடத்தில் மறுபடி போடலாம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, வரலாற்றுப் பொருளில் கைவைக்க நாம் யார் என்பது. நியாயமான கேள்வி. யார் பின்னியது, எந்த ஆண்டு, எந்தப் பள்ளி என்ற விவரத்தோடு கிடைக்கும் துண்டை, அரிய மாதிரியை, தொட்டாலே நூல் உதிரும் நிலையில் இருப்பதைத் தைக்கக் கூடாது. அவற்றுக்கு அருங்காட்சியகமே இடம். ஆனால் விவரம் எதுவும் இல்லாமல் வீடுகளில் கிடக்கும் சாதாரண விளிம்புகளை எந்த அருங்காட்சியகமும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அவற்றுக்கு முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: மறுபடி ஓர் ஆடை, இல்லையென்றால் வீடு காலி செய்யும் நாளில் குப்பை. பிரித்தெடுக்கும்படி தைப்பது இந்தச் சிக்கலுக்கு நடுவழியும் காட்டுகிறது. நம் தீர்ப்பு தவறாகவே இருந்தாலும், நாளை ஒருவர் வந்து இது அரிய பொருள் என்று சொன்னால், தையலைப் பிரித்து முழுசாக அவரிடம் கொடுத்துவிட முடியும். பசை போட்டு ஒட்டியதை அப்படிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு விலை பற்றியது. ஃபேன்சி ஸ்டோரில் மீட்டர் கணக்கில் கேட்ட நிறத்தில் கிடைக்கிறது, துவைக்கும் இயந்திரத்தையும் தாங்குகிறது. அதை விட்டுவிட்டு மஞ்சளேறிய பழையதோடு மல்லுக்கட்டுவானேன்? தினசரி உடுப்புக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் கவுனுக்கும் இதுதான் சரியான பதில்; அங்கே பழைய ரேந்தையைத் தைப்பதுதான் ஊதாரித்தனம். அக்குளிலும் முழங்கையிலும் உராயும் இடத்தில் எந்தப் பழைய ரேந்தையும் நிற்காது. அதற்குப் பொருத்தமான இடம், அதிகம் உராயாத, அடிக்கடி துவைக்காத இடம்: விழா உடையின் கழுத்தோரம், முக்காட்டின் விளிம்பு, மெல்லிய மேலங்கியின் கீழோரம். ஆனால் மலிவு என்ற கணக்கில் ஒன்று விடுபட்டுப்போகிறது. பாலியெஸ்டர் ரேந்தை ஆடையைவிட நீண்ட காலம் உழைக்கும். இருந்தும் ஆடையோடு சேர்ந்தே குப்பைக்குப் போகிறது, ஏனென்றால் மீட்டர் சில ரூபாய்க்கு வாங்கியதைப் பிரித்தெடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஒரு பொருளின் ஆயுளை நிர்ணயிப்பது நூலின் வலிமை மட்டும் அல்ல, அதைத் திரும்ப எடுத்துவைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறதா என்பதும்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது. ரேந்தையின் அழகுக்குப் பின்னால் இருப்பது பெண்களின் மலிவான உழைப்பு. அதைப் பழமையின் பெயரால் கொண்டாடலாமா? தெற்குத் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த அதே ஆண்டுகளில்தான் நாகர்கோவில் ரேந்தை கடல் கடந்து விற்கப்பட்டது. தங்கள் மார்பை மூட உரிமை மறுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள், சீமைப் பெண்களின் மார்புக்கு அழகு பின்னினார்கள். அரசாணை வந்தது 1859இல். ரேந்தைக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்றும் மிஷன் பதிவுகள் சொல்கின்றன. ஒரே நூல் கட்டவும் செய்தது, அவிழ்க்கவும் செய்தது. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் குரோஷா ரேந்தை பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் 1982இல் எழுதிய நூல், அவர்கள் பின்னியது உலகச் சந்தைக்கு, ஆனால் அவர்கள் எண்ணப்பட்டது ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாக என்று காட்டியது. உழைப்பு பொழுதுபோக்கு என்று பெயர் மாற்றப்பட்டதும் கூலி சுருங்கிவிட்டது. இந்த மறுப்பில் உள்ள உண்மையை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு, ரேந்தையைக் கண்ணில் படாமல் வைப்பது அல்ல. எட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் ரேந்தை ‘பொழுதுபோக்கு’ போலத் தெரியும். ஓர் அங்குலத்தைப் பிரித்துத் தைத்து முடிப்பதற்குள், அதில் எத்தனை குண்டூசி, எத்தனை முறுக்கு இருந்திருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

கடைசி மறுப்பு இதிலிருந்தே கிளைக்கிறது: பழையதை வாங்கிப் பயன்படுத்தினால் இன்று பின்னுகிறவரின் வயிற்றில் அடிப்பதாகாதா? இன்றைய கைப்பின்னல்காரருக்குப் போட்டி பழைய ரேந்தை அல்ல. அது குறைவு, நீளம் போதாது, ஒருமுறை தீர்ந்தால் அதே மாதிரி கிடைக்காது. அவருக்குப் போட்டி, கைவேலை என்ற பெயரில் விற்கப்படும் இயந்திர ரேந்தையும், இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் பேரம் பேசும் வாடிக்கையாளருமே. 2024இல் நரசாபுரம் குரோஷா ரேந்தைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முத்திரை பெயரைக் காக்கும். கையில் எடுத்துப் பார்த்து இது கைப்பின்னல் என்று சொல்லும் கண்ணை அது தராது. அந்தக் கண் பழைய ரேந்தையைத் தொட்டுத் தைத்துப் பழகியவர்களிடம்தான் வளரும். சட்டைக்குப் பழைய விளிம்பு முக்கால் மீட்டர் குறைந்து, மீதியைப் புதிதாகப் பின்னித்தரச் சொல்லி ஒருவரைத் தேடிப் போகும் வாடிக்கையாளர், அவர் கேட்கும் கூலியை அநியாயம் என்று சொல்ல மாட்டார்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. நம் தையல் பயிற்சிகள் பெரும்பாலும் புதுத் துணியை அளந்து வெட்டுவதில் தொடங்குகின்றன. பழைய உடையொன்றைத் தையல் தையலாகப் பிரிப்பதைச் சில வகுப்புகளுக்காவது வைக்கலாம். முன்பு தைத்தவர் எங்கே சுருக்கினார், எங்கே விட்டுப்பிடித்தார் என்பதைப் பிரிக்கும் கைதான் முழுமையாகக் கற்கும். துணி விற்கிறவர்கள் ரேந்தைச் சுருளில் கைப்பின்னலா, இயந்திரமா, எந்த நூல் என்று மூன்று சொல் எழுதி ஒட்டலாம். வீட்டில் பழையதைத் தைக்கிறவர்கள், உள்மடிப்பில் ஒரு சிறு நாடாவைச் சேர்த்து, எந்த உடையிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு தைத்தது என்று அழியா மையில் எழுதிவைக்கலாம். பின்னியவரின் பெயர் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். அடுத்து அந்தத் தையலைப் பிரிக்கப்போகிறவருக்கு, அது நம் கையில் இருந்த காலம் வரைக்குமாவது ஒரு வரி கிடைக்கட்டும்.